ஒழுகல் எங்கே? பழைய காரின் சஸ்பென்ஷனுக்கு ஆலைத் தோற்றம் வராதபோது

நான் முதன்முதலில் புதுப்பித்த கன்ட்ரோல் ஆர்மை, அதாவது சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கையை, பட்டறை மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தேன். வெல்டிங் முடிச்சுகளைச் சாணை பிடித்துச் சமமாக்கி, குழிகளைப் பட்டி வைத்து அடைத்து, மூன்று கோட்டிங் கறுப்பு அடித்திருந்தேன். அதில் முகம் பார்க்கலாம். பழைய கார்களைப் பல ஆண்டுகள் கழற்றி மாட்டிய பெரியவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, ஒழுகல் எங்கே?" என்றார்.

ஆலையில் அந்த ஆர்மைக் கொக்கியில் மாட்டி, பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார்கள். வடிந்த பெயிண்ட் கீழ்முனையில் தடித்த சொட்டாக உறைந்திருக்கும். கொக்கி பட்ட இடத்தில் பெயிண்டே இருக்காது. வெல்டிங் அதன் போக்கில் நெளிந்து கிடக்கும். குறை என்று நினைத்து நான் தேய்த்துத் தள்ளியதெல்லாம் ஆலை போட்டுவிட்டுப் போன கையெழுத்து.

அதற்குப் பிறகு எந்தப் பாகத்தை எடுத்தாலும் முதலில் ஒரே கேள்விதான்: இது எந்தெந்த வேலையைக் கடந்து வந்தது? தகட்டை அச்சில் அழுத்தியதா, பழுக்கக் காய்ச்சி அடித்து வடிவாக்கியதா (ஃபோர்ஜிங்), வார்த்ததா, கம்பியைச் சூடாக்கிச் சுருட்டியதா? கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை. மீதி, கேட்டுவிட்டு அவசரப்பட்டதால் வந்தவை.

போட்டிக்குக் காரைக் கொண்டுபோகிறவர்களுக்கு இது மதிப்பெண் விவகாரமும்கூட. 1935இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கார்ச் சங்கமான ஏஏசிஏ, விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும்போது கார் எப்படி இருந்திருக்க முடியுமோ அந்த நிலையைத்தான் அளவுகோலாக வைக்கிறது. ஷெவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டுக்கென்று 1974இல் தொடங்கிய சங்கமான என்சிஆர்எஸ், ஆலையை விட்டு வெளியே வந்த நிலையைப் பார்க்கிறது. அதைவிட அழகாக்கினால் கூடுதல் மதிப்பெண் கிடையாது.

கழற்றும்போதே செய்யவேண்டியது

கம்பி பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பாகத்தின்மேல் கட்டியாகப் படிந்திருக்கும் கிரீஸும் சேறும்தான் பல பத்தாண்டுகளாகப் பழைய பூச்சைக் காப்பாற்றி வைத்திருப்பவை. மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் சீவுளியாலோ மெல்லச் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வாசருக்கு அடியில், ரப்பர் தடுப்புக்குப் பின்னால், புஷ்ஷின் (ஆர்மின் மூட்டில் உட்காரும் ரப்பர் உருளையின்) விளிம்பில், ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் அசல் நிறம் ஒளிந்திருக்கும். தபால்தலை அளவு கிடைத்தாலே போதும், கறுப்பு எவ்வளவு மினுமினுப்பு, முலாம் வெள்ளியா பொன்னா என்று தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கோடு, எண், ஒட்டிய காகிதத் துண்டு எது தெரிந்தாலும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு, அதை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரஸர் இல்லையென்றால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

அறிகுறி: எல்லாம் புத்தம்புதிது, ஆனால் பிளாஸ்டிக்போல் இருக்கிறது

பெரும்பாலும் பவுடர் கோட்டிங்தான் குற்றவாளி. அது 60 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தடிமனாகப் படியும். ஆலையில் முக்கியெடுத்த எனாமல் அதில் பாதிகூட இருக்காது. தடித்த பூச்சு விளிம்புகளை உருட்டிவிடும், பொறித்த எண்களைத் தூர்த்துவிடும். எண்ணின்மேல் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு அளவுக்கு மிஞ்சிவிட்டது.

தீர்வு, அதை நீக்கிவிட்டு கடினமாக்கி கலக்கத் தேவையில்லாத ஒற்றைப் பகுதி எனாமலோ அரைப்பளபளப்புக் கறுப்போ மெல்லியதாக அடிப்பது. பளபளப்பை டப்பாவில் அச்சிட்ட பெயரை நம்பி முடிவுசெய்யாதீர்கள். ஒரு தகட்டுத் துண்டில் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, நீங்கள் கண்டெடுத்த அசல் துண்டின் பக்கத்தில் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கறுப்பும் பளபளக்கும்.

முக்கியெடுத்த தோற்றம் வேண்டுமென்றால், பாகம் ஆலையில் தொங்கிய அதே கோணத்தில் தொங்கவிடுங்கள். கோணம் எப்படித் தெரியும்? பழைய சொட்டு எந்த முனையில் உறைந்திருந்ததோ அதுதான் கீழ்ப்பக்கம். அதற்காகத்தான் கழற்றும்போது படம். முதல் கோட்டிங்கை மெல்லியதாகவும், இரண்டாவதைக் கொஞ்சம் ஈரமாகவும் அடித்துக் கீழ்முனையில் தானாக வடிய விடுங்கள். தூரிகையால் சொட்டு வைத்து நடிக்கக் கூடாது. பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பிரைமர் வேண்டுமா? ஆலைகள் பல பாகங்களுக்குப் பிரைமர் அடித்ததே இல்லை. கார் ஓடப்போகிறதென்றால் நான் மெல்லிய எபாக்சி பிரைமர் அடிப்பேன், ஆனால் கறுப்பிலோ கருஞ்சாம்பலிலோதான். கல் தெறித்த இடத்தில் வெளிர்சாம்பல் எட்டிப்பார்த்தால் செய்த வேலையெல்லாம் அம்பலம்.

அறிகுறி: ஃபோர்ஜிங் பாகம் சிமென்ட் பொம்மைபோல் வெளிறிக் கிடக்கிறது

ஸ்டியரிங் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் துண்டு), டை ராட் முனை (அதை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பியின் நுனி) போன்றவற்றில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இவை பல கார்களில் பெயிண்டே காணாமல் வந்தவை. பழுக்கக் காய்ச்சி அடித்த இரும்பு ஆறும்போது அதன்மேல் நீலமும் கருஞ்சாம்பலும் கலந்த ஆக்சைடுத் தோல் படியும். அந்தத் தோலும், லேத்தில் கடைந்த இடங்களின் வெள்ளி மினுக்கமும் பக்கம் பக்கமாக இருப்பதுதான் அசல் முகம். காற்றழுத்தத்தில் மணல் அடித்துச் சுத்தம் செய்யும் மணல் வீச்சுக்குக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சீரான சாம்பலாகிவிடும். போன தோல் திரும்பாது.

ஆகவே முதல் விதி, இந்தப் பாகங்களை மணலுக்குக் கொடுக்காதீர்கள். துருவை ரசாயனத்தால் தின்ன வைக்கலாம். ஈடிடிஏ போன்ற கொடுக்கிணைப்பு வகைத் துரு நீக்கிகள் துருவைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அடியிலுள்ள இரும்பையும் கறுப்பு ஆக்சைடையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். அவசரமில்லாதவர்களுக்கு மொலாசஸ் இருக்கிறது. கரும்பு ஆலையின் கழிவுப்பாகு ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஊறும். நாற்றம் தாங்காது, வீட்டார் திட்டுவார்கள். ஆனாலும் வேலை செய்யும். அலுமினியப் பாகத்தை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், கரைத்துவிடும். வாஷிங் சோடா போட்டு, மின்சாரம் விட்டுத் துரு எடுக்கும் மின்பகுப்புத் தொட்டியும் நல்ல வழிதான், இரண்டு நிபந்தனைகளோடு: நேர்மின்முனையாக ஸ்டெயின்லெஸ் எஃகு வைக்கக் கூடாது, அதிலிருந்து நஞ்சான ஆறிணைதிறன் குரோமியம் கரைந்து வரும். அதோடு ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும்.

ஏற்கெனவே மணல் பட்டுவிட்டதா? அப்படியானால் தோலைப் போலிசெய்ய வேண்டியதுதான். என் வழியைச் சொல்கிறேன். வார்ப்பிரும்புச் சாம்பல் நிறத்தை ஒரு கோட்டிங் அடித்து ஆறவிடுவேன். பிறகு கருநீலம் கலந்த கறுப்பை அரை மீட்டர் தள்ளி நின்று, பாகத்தின்மேல் தூசிபோல் விழுமாறு, விட்டுவிட்டு ஊதுவேன். ஒரே சீராக விழக் கூடாது. சதை தடித்த இடத்தில் கொஞ்சம் கறுப்பு, மெலிந்த முனையில் கொஞ்சம் பழுப்பு. காய்ந்ததும் தேய்ப்புநாரால் முனைகளை மட்டும் லேசாக வருடிவிட்டால் உலோகச் சாயல் தட்டும். முதல் இரண்டு முயற்சிகள் மாட்டு அம்மைபோல் புள்ளி புள்ளியாக வரும். பழைய பிரேக் டிரம்மில் பழகிவிட்டு வாருங்கள்.

கடைந்த பரப்புகளை, அதாவது பேரிங் உட்காரும் தண்டையும் பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு) நுழையும் கூம்புத் துளையையும், டேப் ஒட்டி மறைத்தேயாக வேண்டும். அங்கே பெயிண்ட் படுவது தோற்றக் குறை மட்டும் அல்ல, பாதுகாப்புக் குறை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

இன்னொன்று: ஃபோர்ஜிங்கின் நடுவே ஓடும் அச்சு இணைப்பு வரம்பைச் சாணை பிடிக்காதீர்கள். அது அங்கே இருக்கவேண்டியது.

அறிகுறி: கழுவி வைத்த பத்து நிமிடத்தில் ஆரஞ்சு நிறம்

திடீர்த் துரு. சுத்தமான இரும்பு ஈரத்தில் நிற்பதால் வருவது. வெந்நீரில் அலசுங்கள், பாகம் சூடாக இருந்தால் தண்ணீர் தானே ஆவியாகும். உடனே காற்றடித்துச் சூடான காற்றில் உலர்த்தி, அன்றைக்கே அடுத்த வேலையை முடித்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த வெறும் இரும்பை நாளைக்குப் பார்க்கும்போது மறுபடி முதலிலிருந்துதான்.

அறிகுறி: நிறமற்ற பூச்சுக்கு அடியில் நூல் நூலாகத் துரு ஊர்கிறது

வெறும் இரும்பின் தோற்றம் கெடக் கூடாது என்று மேலே நிறமற்ற கிளியர் அடித்திருப்பீர்கள். முதல் மழைக்காலம் வரை அழகாக இருந்திருக்கும். எந்தக் கிளியரும் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை. அடியில் பிரைமரும் இல்லை, இரும்பின்மேல் ரசாயனத்தால் ஏற்றும் பாஸ்பேட் படலமும் இல்லை. ஒரு கீறலிலோ விளிம்பிலோ தொடங்கும் துரு, பூச்சுக்கும் இரும்புக்கும் இடையில் புழுபோல் வளைந்து வளைந்து போகும். அதன்மேல் இன்னொரு கோட்டிங் அடிப்பது புழுவுக்குப் போர்வை போர்த்துவது.

கிளியரை முழுக்க நீக்குங்கள். கார் காட்சிக்கு மட்டும் என்றால், மெல்லிய மெழுகுப் படலமோ துரு தடுக்கும் எண்ணெயோ தடவித் துடைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். வெறும் இரும்பின் நிறம் கொஞ்சம் ஆழமாகத் தெரியும், ஆலையிலிருந்து வந்த பாகத்திலும் அந்த எண்ணெய்ச் சாயல் இருந்ததுதான். சாலையில் ஓடும் கார் என்றால் மேலே சொன்ன வண்ணப் போலியே மேல். இங்கே பிடிவாதம் உதவாது.

அறிகுறி: பாஸ்பேட் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கிறது

நட்டு, போல்ட், பட்டைகள், சில தாங்கிகள் ஆலையில் பாஸ்பேட் ஏறி வந்தவை. துத்தநாகப் பாஸ்பேட் வெளிர்சாம்பல், மாங்கனீஸ் பாஸ்பேட் கருஞ்சாம்பலிலிருந்து கறுப்பு வரை. எதற்கு எது என்பதை அசல் துண்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு ஒரே கறுப்பாக எடுத்து வருவது வழக்கமான தவறு.

திட்டு விழுவதற்குப் பத்தில் ஒன்பது முறை காரணம் எண்ணெய்ப் பசை. கண்ணுக்குத் தெரியாது. விரல்ரேகையே போதும். அதற்குத் தண்ணீர்ச் சோதனை உண்டு. கழுவிய பாகத்தைக் குழாயடியில் காட்டி எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் கிழியாத துணிபோல் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். எங்காவது படலம் பிளந்து, ஓரம் பின்வாங்கி, முத்து முத்தாக நின்றால் அந்த இடத்தில் பசை இருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர் நமக்கு ஆகாது. திரும்பவும் கார நீரில் தேய்த்துக் கழுவிக் கையுறையோடு எடுங்கள்.

அடுத்த காரணம் வெப்பம். மாங்கனீஸ் தொட்டி 90 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். கொதிக்கவும் கூடாது, 80க்கு இறங்கவும் கூடாது. குளிர்ந்த கனமான நக்கிளை உள்ளே போட்டவுடன் தொட்டியின் சூடு விழுந்துவிடும், அதனால் பாகத்தை முதலில் வெந்நீரில் சூடேற்றிவிட்டுப் போடுங்கள். போட்டதும் சோடாபோல் நுரைக்கும். 10 முதல் 20 நிமிடத்தில் நுரை தணிந்தால் வேலை முடிந்தது. நுரையே கிளம்பவில்லையென்றால் கரைசல் செத்துவிட்டது, அல்லது பாகத்தின்மேல் பழைய முலாம் இன்னும் இருக்கிறது.

எடுத்தவுடன் வெளிறியதாகத் தெரிந்தால் பதறாதீர்கள். அலசி, உலர்த்தி, சூடு இருக்கும்போதே எண்ணெயில் போடுங்கள். பாஸ்பேட் பஞ்சுபோல் உறிஞ்சும். நிறம் கண்ணெதிரே இரண்டு படி கறுக்கும். துரு தடுப்பதில் பாதி வேலை அந்த எண்ணெயுடையது.

அமிலம் கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றவேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பாட்டிலில் வரும் குளிர்க் கறுப்பாக்கிகளைப் பற்றி ஒரு வரி: சின்னத் திருத்தத்துக்குச் சரி, முழுப் பாகத்துக்கு வேண்டாம். கையில் ஒட்டும், சீக்கிரம் துருவேறும்.

அறிகுறி: துத்தநாக முலாம் மங்கல், கருகல், உரிதல்

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முனைகள் கறுத்துச் சொரசொரப்பாக இருந்தால் மின்னோட்டம் அதிகம். பரப்பளவைக் கணக்கிடுங்கள், சதுர டெசிமீட்டருக்கு 1 முதல் 3 ஆம்பியர் என்ற அளவில் குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள். குழிகளுக்குள் முலாமே ஏறவில்லையென்றால் துத்தநாகத் தகடு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. பாகத்தைச் சுற்றி இரண்டு மூன்று தகடு வையுங்கள், நடுவில் பாகத்தைத் திருப்புங்கள். தோலாக உரிந்தால் மறுபடி தண்ணீர்ச் சோதனைக்குப் போங்கள். மொத்தமாக மங்கலாக இருந்தால், அரை சதவீத நைட்ரிக் அமிலத்தில் சில நொடி முக்கி எடுத்தாலே வெளிச்சம் வந்துவிடும்.

பொன் நிறம் தனிக்கதை. துத்தநாகத்தின்மேல் ஏற்றும் பழைய மஞ்சள் குரோமேட் படலத்தில் பொன்னோடு பச்சையும் இளஞ்சிவப்பும் மயிற்கழுத்துபோல் ஓடும். அது ஆறிணைதிறன் குரோமியம் தந்த நிறம். இன்றைக்குப் பல முலாம் பட்டறைகள் உடல்நலக் காரணத்தால் மூவிணைதிறன் குரோமியத்துக்கு மாறிவிட்டன, அதில் நிறம் வெளிறியும் ஒரே சீராகவும் வரும். "மஞ்சள்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அசல் போல்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, இதுபோல் வேண்டும் என்று கேளுங்கள். குரோமேட் ஏறிய பாகம் முதல் 24 மணி நேரம் மென்மையாக இருக்கும், துடைத்தால் நிறம் துணியோடு வந்துவிடும். எடுத்துவந்த அன்றே ஆசையாகத் துடைத்து நான் பாழாக்கிய நட்டுகளின் எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

பழைய போல்ட் வெள்ளி நிறத்தில், துத்தநாகத்தைவிட மென்மையான ஒளியோடு இருந்தால் அது காட்மியமாக இருக்கலாம். உறுதியாகத் தெரியாதவரை அதைச் சூடாக்கவோ, உலர்வாகத் தேய்க்கவோ, மணல் வீசவோ வேண்டாம். காட்மியப் புகையும் தூளும் நுரையீரலைக் கெடுக்கும்.

அறிகுறி: முலாம் போட்ட போல்ட் இறுக்கிய மறுநாள் தலை துண்டித்துக் கிடக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எனக்கு ஒருமுறை இது நடந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது, யாரும் தொடவில்லை. காலையில் பட்டறையைத் திறந்தால் போல்ட்டின் தலை தரையில். முறிந்த முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் மணல் மணலாக மின்னியது. இழுபட்டு மெலிந்த அடையாளமே இல்லை. முலாம் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டேன். "சூட்டில் வைத்தீர்களா?" என்றதற்கு, "எதற்குச் சூடு?" என்று திருப்பிக் கேட்டார்.

அமிலத்தில் துரு எடுக்கும்போதும் மின்முலாம் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் நுழைகின்றன. மென்மையான எஃகு பொறுத்துக்கொள்ளும். கடினமான எஃகு, இறுக்கத்தில் இருக்கும்போது, உள்ளுக்குள்ளே விரிசல் விட்டுப் பல மணி நேரம் கழித்துச் சட்டென்று முறியும். உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 39க்கு மேல் கடினமுள்ள பாகங்களுக்கு ஆபத்து நிச்சயம். போல்ட்டில் 12.9 என்ற வலிமை வகுப்பு அங்கேதான் வருகிறது. 10.9 எல்லைக்கோட்டில் நிற்கிறது, அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். காயில் ஸ்பிரிங், லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்), டார்ஷன் பார் (முறுக்கிச் சுமை தாங்கும் ஸ்பிரிங் கம்பி) மூன்றும் ஆபத்துப் பட்டியலில் முதலிடம்.

பரிகாரம்: முலாம் ஏறிய சில மணி நேரத்துக்குள், நான்கைத் தாண்டாமல், 190 முதல் 220 டிகிரியில் குறைந்தது 8 மணி நேரம், கடினம் கூடக் கூட 24 மணி வரை, அடுப்பில் வைக்கவேண்டும். மஞ்சள் குரோமேட்டை அதற்குப் பிறகுதான் ஏற்றவேண்டும், ஏனென்றால் 65 டிகிரிக்கு மேல் அந்தப் படலம் கெட்டுவிடும். வரிசை மாறினால் ஒன்று நிறம் போகும், அல்லது போல்ட் போகும். ஒருமுறை உள்ளே விரிசல் விட்டுவிட்டால் பிறகு சுட்டும் பயனில்லை.

என் சொந்த முடிவு வேறு. ஸ்பிரிங்குகளை நான் அமிலத்திலும் போடுவதில்லை, மின்முலாமுக்கும் மின்பகுப்புத் தொட்டிக்கும் அனுப்புவதில்லை. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் பிடித்து நிற்கும் போல்ட்டுகளுக்கு, சந்தேகம் வந்தால், அதே வகுப்பில் புதியதைப் போட்டுவிடுவேன். தலையில் உள்ள பழைய தயாரிப்பாளர் முத்திரை போகிறதே என்று வருந்துகிறவர்கள், முத்திரையுள்ள பழையதைச் சுமை தாங்காத இடங்களில் போட்டுக்கொள்ளட்டும்.

அறிகுறி: ஸ்பிரிங்கின் பெயிண்ட் வளையம் வளையமாக வெடிக்கிறது

ஸ்பிரிங் நெளியும், விறைப்பான பெயிண்ட் நெளியாது. தடிமனாக அடித்த எபாக்சியும் பட்டி மாவும் முதல் குழியிலேயே வெடிக்கும். மெல்லிய, நெகிழும் எனாமல் போதும். பல ஸ்பிரிங்குகள் சூட்டுத் தோலின்மேல் மெல்லிய கறுப்போடு மட்டுமே வந்தவை.

துருக்குழிகளைச் சாணை பிடித்துச் சமமாக்காதீர்கள். பரப்பில் விழும் ஒரு கீறல்தான் பின்னாளில் முறிவு தொடங்கும் இடம். ஆழமான குழி இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றவேண்டும், மறைக்கக் கூடாது. கிறைஸ்லர் 1957இல் தன் எல்லாக் கார் வரிசைகளிலும் கொண்டுவந்த டார்ஷன் பார்களுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். அவற்றின் முனையில் இடம், வலம் என்று குறி இருக்கும். பெயிண்ட் அடிக்கும் உற்சாகத்தில் குறியை மூடி, பக்கம் மாற்றி மாட்டினால், முறுக்கிப் பழகிய திசைக்கு எதிராக அது வேலை செய்யும்.

லீஃப் ஸ்பிரிங்கைத் தனித்தனிப் பட்டையாகப் பிரித்து, உரசும் முகங்களில் பெயிண்ட் இல்லாமல் விடுங்கள். அங்கே அடித்த பெயிண்ட் ஒரு மாதத்தில் பொடியாகிப் பக்கவாட்டில் வழியும்.

அறிகுறி: பெயிண்ட் சட்டைபோல் உரிகிறது, அல்லது மீன்கண் விழுகிறது

உரிந்த தோலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால், மணலுக்குப் பதில் சோடாத் தூள் அடிக்கும் சோடா வீச்சின் மிச்சம். பிசுபிசுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால், துரு மாற்றியாக அடித்த பாஸ்பாரிக் அமிலத்தை அலசாமல் அதன்மேல் எபாக்சி அடித்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடிவரை நீக்கி, நிறையத் தண்ணீரில் அலசுவதுதான் வழி. மீன்கண்ணுக்கு, அதாவது பெயிண்ட் விலகி விழும் சின்ன வட்டக் குழிக்கு, சிலிகோன் காரணம். பட்டறையில் யாரோ டயர் பாலிஷ் அடித்திருப்பார்கள்.

அறிகுறி: மாட்டிய பிறகு நட்டுகள் தளர்கின்றன

தோற்றத்துக்காகச் செய்த வேலை இயக்கத்தைக் கெடுக்கும் இடம் இது. இறுகும் இரண்டு முகங்களுக்கு நடுவே பெயிண்டோ பவுடரோ இருந்தால், சுமையில் அது மெல்ல நசுங்கி வெளியேறும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பானர் காட்டிய அளவு சரியாகவே இருந்திருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் இறுக்கம் போயிருக்கும். பால் ஜாயிண்டின் கூம்பு இன்னும் மோசம். கூம்பு கூம்போடு வெறும் உலோகமாக, எண்ணெயின்றி, பசையின்றிப் பிடிக்கவேண்டும். நடுவில் படலம் இருந்தால் ஆட்டம் விழுந்து, துளை தேய்ந்து, முழு நக்கிளும் போகும்.

வாசர் உட்காரும் வட்டம், தாங்கியின் பின்முகம், கூம்புத் துளை, மரை என எல்லாவற்றையும் சுரண்டி வெறும் உலோகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆலை பெயிண்ட் அடித்துத்தான் பூட்டியது என்றால் அந்தப் படலம் மிக மெல்லியது, பவுடர் அதற்கு ஈடாகாது. முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.

முதல் தலைமுறை ஷெவ்ரலே கமாரோ போன்ற கார்களில் மேல் பால் ஜாயிண்ட் ரிவெட்டால் பிடித்திருந்தது. மாற்றுப் பாகம் போல்ட்டோடு வரும். தோற்றத்துக்காக ரிவெட் அடிக்க ஆசைப்பட்டால் சரியான ரிவெட்டும் அழுத்தும் கருவியும் உள்ள இடத்தில் செய்யுங்கள். சுத்தியலால் வீட்டில் தட்டிய ரிவெட்டை நம்பிச் சாலையில் போகாதீர்கள்.

அறிகுறி: முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, புஷ் கிறீச்சிடுகிறது

ஸ்பிரிங்கைக் குறைசொல்வதற்கு முன் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய், வெளிக்குழாய் இரண்டோடும் ரப்பர் ஒட்டியிருக்கும். ஆர்ம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், காரைக் கீழிறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பிடிக்கும், சில மாதத்தில் கிழியும். காரைச் சக்கரத்தில் நிற்கவைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, அமுக்கி விட்டு, அந்த நிலையில் இறுக்குங்கள். புஷ் ஏற்றும்போது சோப்பு நீர் தடவலாம், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் ஆர்மில் புஷ் இருக்கவே கூடாது, 180, 200 டிகிரி அடுப்பில் ரப்பர் வெந்துவிடும்.

பாலியூரிதேன் புஷ் கெட்டியானதுதான். ஆனால் அந்தச் சிவப்பும் மினுக்கமும் பத்தடி தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும், கிரீஸ் காய்ந்தால் கத்தவும் செய்யும்.

அறிகுறி: அடையாளக் கோடுகள் பொட்டு வைத்ததுபோல் இருக்கின்றன

ஸ்பிரிங்கில் வரும் நிறக்கோடு எந்த விறைப்புள்ள ஸ்பிரிங் என்று தொழிலாளிக்குக் காட்டுவதற்கு. நட்டின்மேல் இருக்கும் தீற்று, இறுக்கியாயிற்று, பார்த்தாயிற்று என்பதற்கு. தீற்றியவர் நாள் முழுவதும் ஓடும் வரிசையில் நின்றவர், அழகு பார்க்க அவருக்கு நேரமில்லை. தூரிகையில் நிறையப் பெயிண்ட், ஒரே இழுப்பு, பாதி நட்டின்மேல், பாதி பக்கத்துத் தகட்டின்மேல், சில சமயம் கீழே வழிந்து. அளவெடுத்து டேப் ஒட்டி அடித்த கோடு அந்த அவசரத்தைக் காட்டாது.

நிறம் ஆலைக்கு ஆலை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் காரில் கிடைத்த தடயத்தை மட்டும் திரும்பப் போடுங்கள், பக்கத்துக் காரில் பார்த்ததை இதில் ஏற்றாதீர்கள். தடயமே கிடைக்காத இடத்தைச் சும்மா விடுங்கள். போடும்போது ஸ்பானரைக் கீழே வைத்த கையோடு, கடைசி நட்டை இறுக்கிய வேகத்திலேயே தூரிகையை எடுத்து இழுத்துவிட்டு அடுத்த நட்டுக்குப் போய்விடுங்கள். திரும்பிப் பார்த்துத் திருத்தாதீர்கள். என் இரண்டாவது காரின் இடப்பக்கக் கீழ் ஆர்மில் மஞ்சள் தீற்று வழிந்து, கீழ்முனையில் உறைந்த கறுப்புச் சொட்டுவரை போயிருக்கிறது. அந்தப் பெரியவர் குனிந்து அதைப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.